இசக்கிமுத்து மீசையும் இரும்பு நரி எட்டாம் பாகமும்

திருப்பூர் மண்ணரையில் எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளுக்கு அடுத்த டேபிள் என்னுடையது. இசக்கிமுத்து பார்த்து முடித்துத் தள்ளுகிற பனியனை நான் அயர்ன் போட்டு பேக்கிங்குக்குத் தள்ள வேண்டும். பத்தொன்பது வருசமாக இதுதான் நடக்கிறது. என் பெண்டாட்டி முகத்தைவிட அந்த ஆள் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கொன்றும் பெருமை இல்லை.

முகம் என்றால் பாதிக்கு மேல் மீசைதான். உதட்டில் தொடங்கிக் கன்னத்தில் ஏறி, காதைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்து நிற்கும். ஆள் தெக்கத்திக்காரர். கயத்தாறு பக்கம் ஒரு கிராமம். அங்கே சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் வருசா வருசம் சாமியாடுகிறவர் இவர்தான். இவருக்கு முன்னால் இவர் அப்பா ஆடினார். மீசையில்லாத மாடசாமியை அந்த ஊர் பார்த்ததே கிடையாது. "இது எம் மீசை இல்ல அண்ணாச்சி, சாமி மீசை. நான் சும்மா எண்ணெ போட்டுப் பாத்துக்கிடுதேன்" என்பார்.

செக்கிங்கில் தப்பு இருக்கிற இடத்தில் ஒட்டுவதற்குச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் கொடுப்பார்கள். தையல் விட்டது, எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, எதுவானாலும் ஒரு அம்பு. மற்றவர்கள் ஒரு நாளைக்கு ஒரு தாள் ஒட்டினால் இவர் மூன்று தாள் ஒட்டுவார். சட்டைப் பையில் தனியாக ஒரு தாள் இருக்கும். ஒரு தடவை கேன்டீன் தோசையில் ஒட்டினார், ஓரம் வேகவில்லை என்று. என் மகள் கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, "ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். மாப்பிள்ளை இனிஷியலுக்குப் பக்கத்தில் அம்பு. அச்சாபீஸ்காரன் தப்பாகத்தான் போட்டிருந்தான். எழுநூறு பத்திரிகை அடித்து முடித்தபிறகு இதைச் சொல்கிற ஆளை என்ன செய்வது?

செக்கிங் டேபிளுக்குக் கீழே மூன்று பெட்டி இருக்கும். சரியாக இருந்தால் ஓகே. பிரித்துத் தைத்தால் சரியாகும் என்றால் ஆல்டர். ஆகவே ஆகாது என்றால் ரிஜெக்ட். உலகத்தில் இருக்கிற அத்தனையும் இந்த மூன்று பெட்டிக்குள் அடங்கிவிடும் என்பது இசக்கிமுத்துவின் கட்சி.

ஒரே ஒரு விசயத்தில் மட்டும் அந்த ஆள் ஸ்டிக்கர் தாளை வெளியே எடுத்ததில்லை. அது 'இரும்பு நரி' படம்.

வெள்ளைக்காரன் படம், தமிழில் பேசும். பிராங்க் மோர்லி என்று ஒரு உளவாளி. ஊர் ஊராகப் போய்க் குண்டு வெடிக்காமல் நிறுத்துவான். எப்போதும் ஒரு நொடி பாக்கி இருக்கும்போதுதான் நிறுத்துவான், கொஞ்சம் முன்னாடி கிளம்பினால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அவனுக்கு டிரைவர் ஆல்பர்ட். எனக்குச் சினிமாவே ஆகாது. ஆனாலும் இசக்கிமுத்து சொல்லிச் சொல்லி ஏழு பாகமும் எனக்கு மனப்பாடம்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். அவர் திருப்பூருக்கு வந்த புதிது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். வேலையிடத்தில் எல்லோரும் 'வாங்க போங்க' என்று மரியாதையாகப் பேச, யாரோ தன்னைத் தள்ளி நிறுத்துகிற மாதிரி இவருக்கு இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தியேட்டருக்குப் போனால், திரையில் ஒரு வெள்ளைக்காரன் காரை நிறுத்தி, "ஏலே பிராங்க், என்ன பராக்கு பாக்க? ஏறுலே வண்டியில!" என்கிறான். தமிழ்க் குரல் கொடுத்த ஆள் ஆல்பர்ட்டுக்கு அச்சு அசல் திருநெல்வேலிப் பேச்சைக் கொடுத்துவிட்டான்.

"எனக்குக் கண்ணு கலங்கிட்டு அண்ணாச்சி. லண்டன்ல நம்மாளு ஒருத்தன் இருக்காம்லா!"

அன்றைக்கு ஆல்பர்ட் அவருக்குச் சொந்தமாகிவிட்டான். மூன்றாம் பாகத்தில் ஆல்பர்ட்டுக்கு இடது கை போய்விட்டது. இவர் ஊருக்குப் போய், மண்ணில் ஒரு இடது கை செய்து மாடசாமி முன்னால் வைத்து நேர்ந்துகொண்டு வந்தார். நாலாம் பாகத்தில் ஆல்பர்ட் இரும்புக் கை மாட்டிக்கொண்டு வந்தான். "பாத்தியளா, சாமி குடுத்துட்டுல்லா" என்று கம்பெனி முழுக்க மிட்டாய் கொடுத்தார். நானும் ஒன்று வாங்கித் தின்றேன்.

ஏழாம் பாகத்தின் கடைசியில் ஆல்பர்ட் குண்டு ஏற்றின லாரியோடு அணைக்குள் பாய்ந்துவிட்டான். அதில்தான் சண்டை வந்தது.

இசக்கிமுத்துவின் மச்சினன் பாண்டித்துரை எங்கள் கம்பெனியிலேயே பேட்லாக் டைலர். இசக்கிமுத்து பெண்டாட்டி சீனியம்மாளுக்குக் கூடப்பிறந்த தம்பி. அவன் தைக்கிற பனியன் கையில் இவர் ஒரு நாளைக்கு எட்டு அம்பு ஒட்டுவார். அந்தக் கடுப்பு அவனுக்கு உண்டு. படம் பார்த்த மறுநாள், திங்கட்கிழமை டீ டைமில் ஆரம்பித்தான்.

"அத்தான், ஒங்க ஆல்பர்ட்டுக்குப் பதினாறாம் நாள் காரியம் எப்போ?"

"வாயக் கழுவுல மாப்ளே. பொணத்தக் காட்டுனானா? காட்டலல்லா. பொணத்தக் காட்டலன்னா ஆளு சாவல."

"லாரியே நாலு துண்டாப் போச்சு. கைய வேற இரும்புல மாட்டிருக்கான். நீச்சலா அடிப்பான்? நேரா அடிக்குத்தான் போயிருப்பான்."

"எட்டாம் பாகத்துல வருவாம்ல."

"வரமாட்டான். வந்தா எம் மீசைய எடுக்கேன்."

"வரலன்னா நான் எடுக்கேன்!"

சொன்னபிறகுதான் அந்த ஆளுக்கு எதைச் சொன்னோம் என்று உறைத்தது. கை தானாக மேலே போய் மீசையைத் தொட்டது. ஆனால் டீ குடிக்க வந்த இருபது பேரும் கேட்டாகிவிட்டது. பேக்கிங் பசங்கள் ஒரு அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து மார்க்கரில் எழுதினார்கள்: 'ஆல்பர்ட் வந்தால் பாண்டித்துரை மீசை. வராவிட்டால் இசக்கிமுத்து மீசை. நடுவர் அயர்ன் தங்கவேலு.' என்னை யாரும் கேட்கவில்லை. அட்டையை என் டேபிளுக்கு அடியில் செருகிவிட்டுப் போய்விட்டார்கள்.

அப்புறம் எட்டு வருசம் அந்தப் படம் வரவில்லை. நடுவில் கொரோனா வந்தது. பிராங்க் மோர்லியாக நடிக்கிறவனுக்கு முட்டி ஆபரேசன் நடந்தது. அந்த எட்டு வருசத்தில் பாண்டித்துரை மீசை அரும்பிலிருந்து ஒரு மாதிரி மீசையானது. இசக்கிமுத்து மீசை நரைத்து, மாதம் இரண்டு தடவை மை போட வேண்டியதானது. மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். போன சித்திரையில் படம் வருகிறது என்று போஸ்டர் ஒட்டினான். படம் வந்து பத்தாம் நாள் ஊரில் கொடை.

சீனியம்மாள் என் டேபிளுக்கே வந்துவிட்டது. அது ஓவர்லாக் டைலர், பேச்சும் அந்த மெசின் வேகத்தில்தான் வரும்.

"அண்ணே, நீங்கதான நடுவரு. கொடை முடிஞ்ச பொறவு படத்தப் பாக்கச் சொல்லுங்க. இவுக பாட்டுக்கு மீசைய மழிச்சிட்டுப் போய் நின்னா ஊர்ல என்ன சொல்லுவாக? மாடசாமிக்குப் பதிலா யாரோ வாத்தியாரு வந்து ஆடுதாருன்னு சொல்ல மாட்டாகளா?"

நான் போய்ச் சொன்னேன். "ஏனுங்க, ஊட்டுல சொல்றதுல ஒண்ணும் தப்பில்லீங்க. படம் எங்க ஓடிப்போகுது?"

"ஓடிப்போவாது அண்ணாச்சி. பயலுவ பாத்துட்டு வந்து கதையச் சொல்லிருவானுவ. பொறவு நான் தெரிஞ்சுக்கிட்டுப் பந்தயத்துக்கு நின்ன மாதிரி ஆயிரும். அது சரியில்ல."

முதல் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குக் கம்பெனியிலிருந்து பதினாலு பேர் போனோம். நடுவராச்சே, நானும் போய்த் தொலைத்தேன்.

படத்தைப் பற்றி என்னத்தைச் சொல்வது. பிராங்க் மோர்லிக்கு இப்போது அறுபது இருக்கும். கம்ப்யூட்டரை வைத்து வயசைக் குறைத்திருந்தார்கள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. சூடு அதிகம் வைத்து அயர்ன் போட்ட காலர் மாதிரி பளபளவென்று இருந்தது, நான் போட்டிருந்தால் எனக்கே திட்டு விழுந்திருக்கும். முன்னாலெல்லாம் ஓடுகிற ரயிலில் குதிப்பானாம். இதில் ரயில் நிற்கும்வரைக்கும் பிளாட்பாரத்தில் நின்று, ஏறி, உட்கார்ந்து, போனில் பேசுகிறான். பாதிப் படம் போன்தான். வில்லன் உலகத்தில் இருக்கிற இன்டர்நெட்டை எல்லாம் அணைக்கப் போகிறானாம். அணைக்கட்டுமே என்று எனக்குத் தோன்றியது. எனக்கு முன்வரிசையில் இருந்த இந்திக்காரப் பையன் இரண்டு பேர் தோளில் தோள் சாய்த்துத் தூங்கினார்கள்.

இன்டர்வெல்லில் இசக்கிமுத்துவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பப்ஸ் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், சாப்பிடவில்லை. ஏழு பாகத்தையும் தலையில் வைத்து ஆடின மனுசன். பாண்டித்துரைகூட, "ரெண்டாம் பாதி நல்லாருக்குமாம் அத்தான்" என்று பொய் சொன்னான்.

படம் முடியப் பத்து நிமிசம் இருக்கும்போது, மலைமேல் ஒரு வீடு. கதவு திறக்கிறது. உள்ளே ஆல்பர்ட். அதே தாடி, அதே தொப்பி.

எங்கள் வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது. பேக்கிங் பசங்கள் விசிலடித்தார்கள். பாண்டித்துரை கையால் மீசையை மூடிக்கொண்டான். இசக்கிமுத்து இரண்டு கையையும் கூப்பிவிட்டார். அப்போது ஆல்பர்ட் வாயைத் திறந்தான்.

"ஏனுங்க பிராங்கு, சௌக்கியமுங்களா? பாத்து எத்தன நாளாச்சுங்க! வாங்க, ஒரு காப்பித்தண்ணி குடிச்சுப்போட்டுப் போலாமுங்க."

பின்னால் குண்டு டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருக்கிறது. நான் என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். பொங்கலூரில் பிறந்தவன், ஐம்பத்திரண்டு வயசில் முதல் தடவை ஒரு வெள்ளைக்காரன் எங்கள் பேச்சுப் பேசிக் கேட்கிறேன். தட்டத்தான் தோன்றும். திரும்பிப் பார்த்தால் இசக்கிமுத்து கூப்பின கையைப் பிரிக்காமலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாலு நிமிசம்தான் ஆல்பர்ட் வந்தான். அணையில் விழுந்தவனை மீன் பிடிக்கிறவர்கள் காப்பாற்றினார்களாம், அதற்குமேல் விவரம் கிடையாது. இரும்புக் கையால் கதவைப் பிடுங்கி எறிந்து பிராங்க் மோர்லியைக் காப்பாற்றினான். படம் முடிந்தது.

தியேட்டருக்கு எதிரிலேயே ஒரு சலூன். பாண்டித்துரை ரோசக்காரன். நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "எடுங்கண்ணே" என்றான். சலூன்காரர் சோப்பு போட்டுவிட்டார். வாசலில் நாங்கள் பன்னிரண்டு பேர், கையில் போன். இசக்கிமுத்து மட்டும் தள்ளி நின்றார். அவர் கை சட்டைப் பைக்குள் போய்ப் போய் வந்தது. பத்தொன்பது வருசமாகப் பக்கத்து டேபிளில் நிற்கிறேன். தப்பைப் பார்த்துவிட்டால்தான் அந்தக் கை அப்படிப் போகும்.

கத்தி மீசைக்குப் பக்கத்தில் வந்தது. "நிறுத்தும்வே!" என்றார் இசக்கிமுத்து.

"என்னத்தான்?"

"அது ஆல்பர்ட் இல்ல."

பாண்டித்துரை சோப்பு மூஞ்சியோடு திரும்பினான். "என்ன சொல்லுதிய? அதே தாடி, அதே தொப்பி. குரலு மாறிருக்கு, அவ்ளோதான். பேசுன ஆளு சம்பளம் கூடக் கேட்டிருப்பான்."

"குரலு மாறுனது ஆல்டர்தான். அத நான் பேசல. வேற ஆள வச்சுப் பேசிட்டா சரியாயிரும். கை என்னாச்சு? இரும்புக் கை எந்தக் கை?"

யாருக்கும் ஞாபகம் இல்லை.

"எடது கை! எங்க ஊருக் கோயில்ல நான் வச்சது எடது கை. இன்னைக்கு இவன் கதவப் பிடுங்குனது எந்தக் கையில? வலது கையில. எடது கையால காப்பி டம்ளரப் பிடிச்சிருக்கான், அஞ்சு விரலு, நகத்தோட. போன கை மொளச்சு, இருந்த கை இரும்பாவுமா? ரெண்டும் எடது கையா வச்சுத் தச்ச பீசு மாதிரில்லா இருக்கு! ரிஜெக்ட்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் கையைப் பார்த்தது இவர் ஒருத்தர்தான். பார்த்ததை விழுங்கிவிட்டு நின்றிருந்தால் மீசை மீசையாக இருக்கும், கொடையில் போய் ஆடியிருக்கலாம்.

"ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சுருச்சுங்களா? ஆல்பர்ட் வரலேன்னா யாரு மீசை போகுமுன்னு தெரியுமில்லீங்க? நடுவரு நாஞ் சொல்றேன், வந்தது ஆல்பர்ட்டுதான். வாங்க, போலாம்."

"ஆமாத்தான்! நான்தான் தோத்தேன்" என்று பாண்டித்துரை கெஞ்சினான். "படத்த எடுத்தவன் தப்பா மாட்டிருப்பான். அதுக்கு நீங்க என்ன செய்விய? அக்கா என்னைய உசுரோட விடமாட்டா!" எட்டு வருசமாக ஆல்பர்ட் செத்துவிட்டான் என்று கத்தினவன், அவன் உசுரோடுதான் இருக்கிறான் என்று சோப்பு நுரை தெறிக்கச் சாதித்தான். வருவான் என்று கத்தினவர், வரவே இல்லை என்று நின்றார்.

"பாக்காம இருந்தா வேற அண்ணாச்சி" என்றார் இசக்கிமுத்து. "பாத்துட்டேன். பாத்த பொறவு எப்பிடி ஓகே போட?" பாண்டித்துரையை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். சலூன்காரர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

மீசை போனபிறகு அந்த முகத்தில் உதடு என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. வெயில் படாத இடம், வெள்ளையாக ஒரு பட்டை. மறுநாள் கேட்டில் செக்யூரிட்டி, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டான். வீட்டில் சீனியம்மாள் அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, ஒரு அம்பைப் பிரித்து, மேலுதட்டில் ஒட்டிவிட்டுச் சோறு போட்டதாம். பாண்டித்துரை சொன்னான்.

பாண்டித்துரைக்கு மனசு கேட்கவில்லை. அவன் தோற்க வேண்டிய பந்தயம், அவன் மீசை அப்படியே இருக்கிறது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் கறுப்பு நூலை அடுக்கி, பின்னால் ஒரு துணி வைத்து, மெசினில் ஓட்டி ஒரு மீசை தைத்துக் கொண்டுவந்தான். இசக்கிமுத்து வாங்கி லைட்டில் பிடித்தார். "வலது பக்கம் ரெண்டு நூல் நீளம்." அம்பு. இரண்டாவது கொண்டுவந்தான். "ஜன்னல் பக்கம் வா. வெயில்ல செம்பட்டை அடிக்கி பாரு. ஷேடு சரியில்ல." அம்பு. மூன்றாவதில் பின்பக்கத் துணி ஓரம் தெரிந்தது. நாலாவதைக் கொண்டுவந்தபோது ஊருக்குப் போகிற பஸ் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"அவசரத்துக்குப் போவட்டும்" என்றார். பத்தொன்பது வருசத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

தெக்கத்தி ஆட்கள் பாதிப்பேர் ஊருக்குப் போனதால் கம்பெனியே மூன்று நாள் மூடிக்கிடந்தது. நானும் கூடப் போனேன். இதன் முடிவைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

மதியக் கொடை. மேளம் காதைப் பிளக்கிறது. இசக்கிமுத்து மாலையும் கச்சையும் கட்டி, கையில் வல்லயத்தோடு நின்றார். கம்பு மாதிரி நீளம், நுனியில் ஈட்டி. முகத்தில் பசை போட்டு ஒட்டின நாலாம் நம்பர் மீசை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாமி இறங்கியதும் ஆட்டம் தொடங்கியது. அந்த ஆளா இது என்று எனக்கே பயமாகிவிட்டது. கண் வேற, நடை வேற. கூட்டம் பின்னால் பின்னால் நகர்ந்தது.

வெயில். வேர்வை. மீசையின் இடது பக்கம் மெதுவாகப் பிரிந்து தொங்கியது.

சீனியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்தது. பாண்டித்துரை, "அத்தான், அத்தான்" என்று வாய்க்குள்ளேயே சொன்னான். கூட்டத்தில் முதலில் ஒருத்தன் பார்த்தான், அப்புறம் பத்துப் பேர் பார்த்தார்கள். மேளக்காரர் கை நின்றது. சாமியும் நின்றது.

சாமி மீசையைப் பிடுங்கியது. வல்லயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் மீசையை விரித்து வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. முன்பக்கம் பார்த்தது. திருப்பிப் பின்பக்கம் பார்த்தது. தையல் தாங்குகிறதா என்று இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தது. அப்புறம் நேராகப் பாண்டித்துரை முன்னால் வந்து, அவன் கையில் அதை வைத்து, ஊரே அதிர ஒரு சத்தம்.

"ஆல்டர்!"

பாண்டித்துரை தடாலென்று காலில் விழுந்தான். மேளம் மறுபடி எழும்பியது. மீசையில்லாமல் சாமி அரை மணி நேரம் ஆடியது. மீசை எங்கே என்று ஒரு ஆள் கேட்கவில்லை. அவர்களுக்கு வேறு கவலை வந்துவிட்டது.

"சாமி என்னப்பா சொல்லிச்சு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கருத்தம்மா என்று ஒரு கிழவி பாண்டித்துரையைப் பிடித்துக்கொண்டது. அதன் மகள் புருசனோடு சண்டை போட்டுக்கொண்டு நாலு மாசமாக வீட்டில் இருக்கிறாளாம். சாமி அந்தப் பக்கம் பார்த்துத்தான் சொன்னதாம்.

"ஆல்டர்னா என்ன அர்த்தம்யா?"

பாண்டித்துரை திருநீற்றைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். "கெட்டுப் போவல பெரியம்மா. பிரிச்சுத் தச்சா சரியாயிரும்னு அர்த்தம்."

கிழவி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே போனது.

செவ்வாய்க்கிழமை கம்பெனி திறந்தது. இசக்கிமுத்து உதட்டுக்கு மேல் எறும்பு ஊர்ந்த மாதிரி கொஞ்சம் முளைத்திருந்தது. பத்து பனியன் தள்ளின பிறகு, என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, எனக்குச் சாமி வந்தா ஒண்ணும் நெனப்பு இருக்காது. நான் எதுவும் சொன்னேனா?"

"ஆல்டருன்னு சொன்னீங்க."

அவர் முகம் வாடிப்போனது. கையில் இருந்த பனியனைக் கீழே வைத்தார். "அய்யய்யோ. அப்போ நாந்தான் பேசிருக்கேன். சாமி வரலியா?" அப்புறம் சட்டென்று திரும்பினார். "எந்தப் பக்கம்னு சொன்னேனா? வலதா, எடதா?"

"இல்லீங்க. வெறும் ஆல்டருதான்."

"அம்பு ஒட்டுனேனா?"

"அதுவும் இல்லீங்க."

இசக்கிமுத்து நிமிர்ந்தார். இல்லாத மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார்.

"அப்போ சாமிதான். நானா இருந்தா பக்கத்தச் சொல்லாம விட்டிருப்பேனா?"

அடுத்த பனியனை என் பக்கம் தள்ளினார்.